புது வீல் போட்டதும் வண்டி உதறினால்: பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வண்ணார்பேட்டை பைபாஸில் வேலை பார்த்தாலும் சரி, அம்பாசமுத்திரம் ரோட்டில் வேலை பார்த்தாலும் சரி, இந்தப் புகார் உன்னைத் தேடி வந்தே தீரும்: "அண்ணாச்சி, நேத்துதான் புது அலாயும் டயரும் போட்டேன். எண்பதைத் தாண்டினா ஸ்டீயரிங் கையை உதறுது." அப்படி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். எண் வரிசையிலேயே போ. பத்தாவதில் ஆரம்பித்தால் வண்டிக்காரர் பணமும் போகும், உன் பெயரும் போகும்.

1. நேற்று வரை ஆடாத வண்டி இது. மாறியது வீலும் டயரும் மட்டும்தான். ஆகவே ஸ்டீயரிங் ராக், ஷாக் அப்சார்பர், என்ஜின் மவுண்டிங் என்று பட்டியல் போடாதே. ஹப்பும் வீலும் சேரும் இடத்தில்தான் உன் கண் முதலில் இருக்க வேண்டும்.

2. வண்டிக்காரரோடு நீயும் ஏறிப் போ. தாழையூத்து தாண்டி கங்கைகொண்டான் வரை நாலுவழிச்சாலை நன்றாக இருக்கும், அங்கே ஓட்டிப் பார். (அங்கே சிப்காட்டில் ஏ.டி.சி. டயர் ஆலை இருக்கிறது. அங்கேயே கார் டயர் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அது டிராக்டருக்கும் மண்வாரி வண்டிக்கும் டயர் செய்கிற ஆலை.) ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் சோதனைக்குப் போகாதே. காற்றாடிகளைச் சுழற்றுகிற அந்தக் காற்று காரையும் தள்ளும். வீல் ஆடுகிறதா, காற்று ஆட்டுகிறதா என்று குழம்பிவிடுவாய்.

ஓடும்போது நாலு விஷயத்தைக் குறித்துக்கொள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது? ஸ்டீயரிங் உதறுகிறதா, சீட்டும் தரையும் அதிர்கிறதா? ஸ்டீயரிங் என்றால் பெரும்பாலும் முன் வீல், சீட் என்றால் பின் வீல். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? ஆக்சிலரேட்டரை விட்டதும் நின்றுவிடுகிறதா? பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் தானே அடங்கினால், நின்ற இடத்தில் டயர் தட்டையாகிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் வேண்டாம், ஓட ஓடச் சரியாகும்.

3. வேகத்தை ஏன் கேட்கச் சொன்னேன் என்று தெரிந்துகொள். ஸ்விஃப்டில் வருகிற 185/65 ஆர் 15 டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 90 கிலோமீட்டரில் அது நொடிக்குப் பதின்மூன்று சுற்று சுற்றும். ரிம் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய நாலு கிலோ கனத்தோடு வீலை ஒவ்வொரு சுற்றிலும் வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகிவிடும். அதனால்தான் டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. நெல்லையப்பர் தேர்ச் சக்கரத்தை யாரும் பேலன்ஸ் பண்ணுவதில்லையே, அது ஓடுகிற வேகத்துக்கு அது தேவையும் இல்லை. மாறாக, முப்பது நாற்பதிலேயே வண்டி ஏறி இறங்கி ஓடினால் அது பேலன்ஸ் கோளாறு இல்லை. டயரோ ரிம்மோ வட்டமாக இல்லை.

4. திரும்பி வந்ததும் காற்றைப் பார். டயரை ரிம்மில் உட்கார வைக்க நாற்பதுக்கு மேல் ஏற்றிவிட்டு, குறைக்க மறந்து அனுப்புகிற கடைகள் உண்டு. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவுதான் அளவு. பிறகு ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுத் தடவு. பிசான நடவு நேரத்தில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி ரோட்டில் டிராக்டர்கள் தொளியை இழுத்து வந்து போட்டிருக்கும். அது ரிம்முக்குள் அப்பிக் காய்ந்துவிட்டால், பேலன்சுக்காக நேற்று ஒட்டிய வெயிட் எல்லாம் வீண். மண்ணைச் சுரண்டினாலே சரியாகிவிடுகிற வண்டிகள் நம் பக்கம் நிறைய. ஒட்டிய வெயிட் ஏதாவது உதிர்ந்து பசைத் தடம் மட்டும் தெரிகிறதா என்றும் பார்.

5. இப்போது வீலைக் கழற்று. முக்கால்வாசி வில்லங்கம் இங்கேதான்.

ஹப் முகத்தைப் பார். திருச்செந்தூர், காயல்பட்டினம் வண்டி என்றால் உப்புக் காற்றில் துரு ஏறியிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டிகளிலும் அப்படித்தான். துருச் செதில் ஒன்று இடையில் மாட்டினாலே வீல் கோணலாக உட்காரும். கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்.

அடுத்தது நடு ஓட்டை. ஸ்விஃப்ட், ஐ20 வண்டிகளின் ஹப் 54.1 மில்லிமீட்டர். கடையில் விற்கிற அலாயின் நடு ஓட்டை 67.1 அல்லது 73.1 என்று பெரிதாக இருக்கும், எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. அதைப் போடாமல் மாட்டினால் வீலை நடுவில் நிறுத்துகிற வேலை முழுவதும் நட்டுகள் தலையில் விழும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஸ்டீயரிங் சொல்லிவிடும். மெஷினில் பேலன்ஸ் சரியாகக் காட்டும், ரோட்டில் உதறும். வண்டிக்காரர் கடை கடையாக அலைவது இதனால்தான்.

போல்ட் வட்டத்தையும் அள. பழைய ஃபியட் புன்டோ, லீனியாவுக்கு 4x98. மாருதி, ஹூண்டாய் சின்ன கார்களுக்கு 4x100. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர் என்பதால் ஏர் கன்னால் அடித்து ஏற்றிவிட முடியும். ஏற்றக் கூடாது. அது உதறலோடு நிற்காது, ஸ்டட் முறியும்.

நட்டின் உட்காரும் முகம் கூம்பா, உருண்டையா? ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன் கம்பெனி வீலுக்கு உருண்டை முகம். வெளியில் வாங்கும் அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டையே புது அலாய்க்குப் போட்டால் ஓர வரம்பில் மட்டும்தான் பிடிக்கும். நட்டைக் கழற்றி, ஓட்டையில் பதிந்த தடத்தைப் பார். முழு வளையமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் தப்பான நட்டு.

மாட்டும்போது வீல் அந்தரத்தில் இருக்கட்டும். எல்லா நட்டையும் கையால் திருகி, எதிரெதிராக ஸ்பேனரால் இறுக்கி, அப்புறம் ஜாக்கியை இறக்கி டார்க் ரெஞ்சால் முடி. ஏர் கன் கழற்றுவதற்கு மட்டும்.

6. அடுத்து பேலன்சிங். மெஷின் ஷாஃப்டும் கோனும் சுத்தமாக இருக்க வேண்டும். கோன் அலாயின் நடு ஓட்டைக்குப் பொருந்த வேண்டும். மெஷின் பூஜ்யம் காட்டியதும் நம்பிவிடாதே. வீலைத் தளர்த்தி, ஷாஃப்டில் அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுற்று. அப்போதும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சரி. 20, 25 கிராம் என்று காட்டினால், வீலை மாட்டிய விதம் தப்பு அல்லது மெஷினே தப்பு. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. செய்கிறவர்கள்தான் குறைவு.

7. வெயிட் மலை மலையாகக் கேட்கிற வீலிடம் வெயிட்டை ஒட்டிக்கொண்டே போகாதே. டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்ததா பார். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் மெல்லிய வரி ஒன்று சுற்றி ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போய் மறைந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி உட்கார வை. மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான பக்கம். அதை வால்வுக்கு நேராக வை. டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்று. ஆட்டம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போடு. அப்போதும் மேடு டயரோடு நகர்ந்தால் டயர்க் குற்றம், ரிம்மோடு நின்றால் ரிம் குற்றம். எது என்று தெரிந்த பிறகு கியாரண்டி பேசு.

8. இன்னும் பிடிபடவில்லையா? சாக்பீஸால் எண் போட்டு முன் வீலைப் பின்னாலும் பின் வீலை முன்னாலும் மாற்று. உதறலும் இடம் மாறினால் குற்றவாளி வீல்தான். பழைய வீல் செட் வண்டிக்காரர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, அதை மாட்டி ஒரு தடவை ஓடிப் பார்.

9. "அலைன்மென்ட் பண்ணிட்டா சரியாயிரும்" என்று சொல்லாதே. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும். வண்டி உதறாது.

10. வீலைத் தவிர வேறொன்று என்று சொல்ல உனக்கு ஆதாரம் வேண்டும். பிரேக்கில் மட்டும் உதறினால் டிஸ்க். முடுக்கும்போது மட்டும் அதிர்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட். இன்னொன்றும் உண்டு: பால் ஜாயின்ட்டும் டை ராடும் தேய்ந்த வண்டியில் சின்ன வீல் கோளாறுகூடப் பெரிதாகத் தெரியும். ஜாக்கியில் தூக்கி வீலை மேலும் கீழும், இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் பேசு.

11. வண்டியை அனுப்பும்போது, ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வரச் சொல். புது அலாயில் நட்டு உட்கார்ந்து கொஞ்சம் தளரும். டார்க் ரெஞ்சை வைத்து நாலு வீலையும் சரிபார்த்து அனுப்பு. அதற்குக் காசு வாங்காதே.