பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போடாதீங்க!



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்துப் பாயைச் சுருட்டும் நேரம். ஓர் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், பெரியவ ப்ளஸ் ஒன் படிக்கிறா. ஏதோ பரீட்சை எழுதினா மாசம் ஆயிரத்து ஐநூறு தர்றாங்களாமே, நெசமா?"

நிஜம்தான். ஆனால் அந்தத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய புத்தகம் மே மாதமே பழைய பேப்பர்காரர் தராசில் ஏறிவிட்டது. எல்லாப் புத்தகத்தையும் சேர்த்துப் போட்டும் ஐம்பது ரூபாய்கூடத் தேறவில்லையாம். அக்கா முகம் வாடிப்போனது. அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தேர்வின் பெயர் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 2022-ல் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம். ஆனால் கேள்வி வருவது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து. மாநிலம் முழுக்க 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மீதிப் பாதியிலும் தனியார் பள்ளிப் பிள்ளைகளோடு அவர்கள் போட்டி போடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மாதத்துக்கு 36,000 ரூபாய். நம் குழுவில் அவ்வளவு உள்கடன் எடுத்தால் எத்தனை கூட்டத்துக்கு அசலும் வட்டியும் சுமந்து வருவோம்! "கவருமென்ட் பணம், அப்புறம் திருப்பிக் கேப்பாங்களோ?" என்று ஒரு பாட்டி கேட்டார். இது கடன் இல்லை பாட்டி, பேத்தி சம்பாதிச்சது.

இன்னொன்று, தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. 2023-ல் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். தேர்வாகும் 1,000 பேரில் 500 பேர் மாணவிகள். அதாவது பெண் பிள்ளைகளுக்குத் தனி இடம். வருடத்துக்கு 10,000 ரூபாய், பட்டப்படிப்பு முடியும் வரை. இதற்கு ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் படிக்க வேண்டும். ஆக, அந்தப் புத்தகங்களும் பரணில் பத்திரமாக இருக்கட்டும்.

உங்களுக்குப் பாடம் சொல்லித்தரத் தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியைக் காட்டி "இது யார் பாடினது, எந்த நூல்?" என்று கேட்டாலே போதும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் கேட்கலாம். நான்கு விடை கொடுத்துச் சரியானதைக் குறிக்கச் சொல்லும் கேள்விகள்தான் வரும். பெரிய பெரிய கட்டுரை எழுத வேண்டாம். பாடத்தின் நடுவில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் செய்திகளைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதையும் படிக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். கட்டணம் 50 ரூபாய். தமிழ்த் தேர்வு 2022 முதல் அக்டோபர் மாதத்தில் நடந்து வருகிறது. எனவே ஆகஸ்டிலேயே தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டுவிடுங்கள். நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருப்பதைப் பிள்ளை வீட்டில் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வகுப்பில் முதல் மாணவி. வீட்டில் பணமுடை, ஐம்பது ரூபாய் கேட்கக் கூச்சப்பட்டே பேசாமல் இருந்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தபோது கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம். இந்தச் சின்னத் தொகையைக் குழுப் பொதுநிதியிலிருந்து கொடுக்கத் தீர்மானம் போட்டால் என்ன?

பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார், பள்ளிப் பதிவு, பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதுகிற தேர்வு இது, எல்லாருக்கும் கிடைக்காது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் "பதினெட்டு முடிஞ்சா கட்டிக் குடுத்துடலாம்" என்று பேச்சு நடக்கிற வீட்டில், பெண் பெயருக்கு மாதாமாதம் பணம் வந்தால் அந்தப் பேச்சு கொஞ்சம் தள்ளிப்போகிறது. இரண்டு வீட்டில் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். உங்கள் குழு வீடுகளில் ஒன்பது, பத்து, பதினொன்று படிக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், யார் வீட்டில் பழைய புத்தகம் இருக்கிறது என்று எழுதி, கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்க நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். அந்த அக்கா மகளுக்குப் பக்கத்துத் தெருவிலேயே புத்தகம் கிடைத்துவிட்டது. அட்டை இல்லை, மற்றபடி முழுசாக இருக்கிறது.