ஆண்டறிக்கை எழுதும் இளையவருக்கு

காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் இயங்கும் அறக்கட்டளையின் ஓராண்டுப் பணிகளைத் தொகுத்து ஓர் இளைய எழுத்தாளர் எழுதியிருக்கும் ஆண்டறிக்கையே இந்த மடலுக்குக் காரணம். பிழையற்ற தமிழில், தலைப்புகள் ஒழுங்காக வகுக்கப்பட்டு, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்குடன் வெளிவந்திருக்கும் அந்த அறிக்கையை எழுதியவருக்கு நடையையோ அமைப்பையோ எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறப்பணி ஏன் தேவை என்று விளக்க வேண்டியதும் இல்லை. இதை எழுதுபவரை உறுத்தியவை இரண்டே இரண்டு. முதலாவது, அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் தாமரைப் படத்துக்கு நடுவே கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ஐந்திலக்க எண்.

அந்த எண், ஓராண்டில் அறக்கட்டளையால் பயன்பெற்றோரின் மொத்தத் தொகை என்று அறிக்கை சொல்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்பதைப் பின்வரும் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் அறியலாம். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கிய மாணவர்கள், ஆகஸ்டில் கண் முகாமுக்கு வந்தவர்கள், சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டவர்கள், தீபாவளிக்குச் சேலை பெற்ற முதியவர்கள், தையல் வகுப்பில் பெயர் கொடுத்த பெண்கள் ஆகிய அனைவரும் அதில் இருக்கிறார்கள். போதாததற்குக் குளம் தூர் வாரப்பட்டதால் அந்த ஊராட்சியின் மக்கள்தொகை முழுவதும் அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கண்ணுக்குத் திரும்பிய பார்வையும் ஒரே நிரலில் ஒன்று, ஒன்று எனக் கூட்டப்படும்போது, கூட்டுத்தொகை பெரிதாகிறதே தவிர எதைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. குளத்தில் குளிப்பாட்டப்படும் எருமைகளைச் சேர்த்திருந்தால் எண் இன்னும் உயர்ந்திருக்கும்.

கண் முகாமையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளியின் கூடத்துச் சுவரில் எழுத்துப் பலகை மாட்டப்பட்டு, 6 மீட்டர் தொலைவில் நாற்காலி போடப்பட்டு, வருபவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கும் வரிசையைப் பொறுத்துப் பார்வை குறிக்கப்படுகிறது. 6/60 என்று சீட்டில் எழுதப்பட்டால், நல்ல கண் 60 மீட்டரில் பார்ப்பதை அந்தக் கண் 6 மீட்டரில்தான் பார்க்கிறது என்று பொருள். அவ்வாறு சோதிக்கப்படுபவர்களில் சிலருக்குக் கண்ணாடி போதும், சிலருக்குப் புரை முற்றியிருக்கும், சிலருக்கு எதுவும் இருக்காது. புரை உள்ளவர்கள் வண்டியில் ஏற்றப்பட்டு மருத்துவமனைக்குச் சென்று, கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தப்பட்டு ஊர் திரும்பிய பிறகு சில வாரங்கள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஆகவே ஒரு முகாமுக்கு எண் ஒன்றன்று, குறைந்தது நான்கு: வந்தவர், அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், உண்மையிலேயே வண்டியில் ஏறியவர், மறுபரிசோதனையில் பலகையை மீண்டும் படித்தவர். இவற்றில் கடைசி எண்ணே அறத்தின் எண். இளையவரின் அறிக்கையிலோ முதல் எண் மட்டுமே இருக்கிறது. பேத்தியின் பரீட்சைக்காகவோ அறுவடைக்காகவோ வண்டியில் ஏறாமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது அறக்கட்டளைக்கே தெரியுமா என்ற ஐயம் அதைப் படிப்பவருக்கு எழுகிறது.

கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை எழுதுபவரால் எதையும் பேச முடியாது என்று நண்பர்கள் குறை சொல்வதுண்டு. அந்தக் குறை இங்கும் நேரட்டும். அறச்செயலை எழுத்தில் பதிவு செய்வதற்குத் தமிழில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மரபு இருக்கிறது, அது இன்றைய ஆண்டறிக்கைகள் எவற்றையும்விடக் கறாரானது. சோழர் காலக் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, எரிக்க ஒருவர் அறம் செய்தால், பெரும்பாலும் 96 ஆடுகள் தரப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது நாழியில் கால் பங்கு, நெய் அளக்கக் கடமைப்பட்டார். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்கின்றன: கிழடும் இறந்ததும் குட்டிகளால் ஈடு செய்யப்படுவதால் எண்ணிக்கை என்றும் குறையாத ஆடுகள், இன்றைய அறக்கட்டளைகள் மூலநிதி என்று எதைச் சொல்கின்றனவோ, தொடாமல் வைத்து அதன் வருவாயை மட்டும் செலவிடும் தொகை எதுவோ, அதுதான் இது. கவனிக்கத்தக்கது வேறொன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் கொடுத்த அரசன் பெயர் மட்டுமல்லாமல், ஆடுகளைப் பெற்ற ஒவ்வோர் இடையரின் பெயரும் அவரோடு பொறுப்பேற்ற உறவினர் பெயரும் வெட்டப்பட்டிருக்கின்றன. கொடையாளர் ஒரு முறை கொடுத்தார். இடையர் நாள்தோறும் அளக்க வேண்டும். தினமும் உழைப்பவரின் பெயர் கல்லில் ஏற வேண்டும் என்று அன்றைய எழுத்தருக்குத் தோன்றியிருக்கிறது.

காஞ்சிபுரத்துக்கு அருகில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலின் வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதற்கு இன்னொரு சான்று. அங்கே நடந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன, ஒரு மருத்துவர், அறுவை செய்யும் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்க இரு பெண்கள், ஒரு நாவிதர் ஆகியோருக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல் என்பது தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள்கூடப் பட்டியலிடப்பட்டிருந்தன. உடன் நடந்த மாணவர் விடுதிக்குச் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெயும் மறக்கப்படவில்லை. (மதுரையில் 1976இல் மருத்துவர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அதில் இருந்தவை 11 படுக்கைகள்; சிறிதாகத் தொடங்குவதற்கு எவரும் வெட்கப்படத் தேவையில்லை.) அந்தக் கல்வெட்டில் எத்தனை ஆயிரம் நோயாளிகள் பயன்பெற்றார்கள் என்ற மொத்த எண் இல்லை. எவருக்கு என்ன கடமை, அதற்கு எவ்வளவு நெல் என்பது மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்த மருத்துவமனை எப்படி நடந்திருக்கும் என்பதை இன்றும் ஒருவர் மனக்கண்ணில் காண முடிகிறது.

இரண்டாவது உறுத்தல் விழாக்களைப் பற்றியது. அறிக்கையில் நோட்டுப் புத்தகம் வழங்கியதற்கு ஒதுக்கிய இரண்டு பக்கங்களில், குத்துவிளக்கு ஏற்றியவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், வாழ்த்துரை வழங்கியவர்கள், பொன்னாடை போர்த்தியவர், நன்றி நவின்றவர் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அவர்களுக்குக் கீழே, மேடையில் ஐந்து பெரியவர்கள் பிடித்திருக்கும் ஒரே நோட்டுக் கட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் படம் எடுப்பவரைப் பார்க்கும் ஒரு சிறுமியின் படம் முகம் தெளிவாகத் தெரியும்படி அச்சிடப்பட்டிருக்கிறது. உதவி பெற்றது அந்தக் குழந்தை வளர்ந்த பின்னும் ஊரார் அலமாரிகளில் சான்றாக இருக்க வேண்டிய செய்தியா என்பதை எழுதுபவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீட்டு மொய் நோட்டுகூட இந்தப் பக்கங்களைவிட மேல், ஏனென்றால் அதில் எவர் எவ்வளவு கொடுத்தார் என்பதாவது இருக்கும். வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தருமச்சாலையைத் தொடங்கினார் என்பது இன்றும் நினைக்கப்படுவதற்குக் காரணம் அந்த ஒரு நாளின் சிறப்பு அன்று. அன்று மூட்டிய அடுப்பு அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எரிந்து, பசித்து வந்தவர்க்கு இன்றுவரை சோறு வடிக்கிறது என்பதே. தொடக்க விழாவை அரை வரியில் முடித்துவிட்டு, அடுத்த நாளைப் பற்றி எழுதத் தெரிந்தவரே அறப்பணியை எழுதத் தெரிந்தவர்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்குத் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதத்தை இளையவர் படித்துப் பார்ப்பது நல்லது. வழிப்போக்கருக்குச் சோறு, நோயுற்றவருக்கு மருந்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பராமரிப்பு, பேறுகாலத்துப் பெண்களுக்கு உதவி என்று சத்திரத்தின் அன்றாடம் அதில் விரிகிறது. சத்திரம் என்றதும் இதை எழுதுபவருக்கு இளமையில் படியெடுக்க நேர்ந்த பழைய நாள்வழிகள், அதாவது அன்றன்றைய வரவையும் செலவையும் எழுதும் குறிப்பேடுகள், நினைவுக்கு வருகின்றன. மஞ்சள் பூத்த தாளில், ஒரே கணக்குப்பிள்ளையின் சாய்ந்த கையெழுத்தில், அரிசி இத்தனை படி, பருப்பு, புளி, விறகு, இலை இத்தனை கட்டு என்று வரிசையாக வந்து, ஒவ்வொரு நாளின் அடியிலும் மிச்சம் என்ற ஒரு வரி இருக்கும். அதில் சில நாள்களில் சோறு மிச்சம் என்றும், சில நாள்களில் பந்தி முடிந்த பின் வந்தவர்களுக்கு அவல் கொடுத்து அனுப்பப்பட்டது என்றும் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்குப்பிள்ளை தம் சத்திரத்தில் சோறு போதாமல் போன நாளை மறைக்க நினைக்கவில்லை. எழுத்துக்கலை எதையும் பயிலாத அவருடைய அந்த வரிகளைப் படியெடுத்த நாள்களில்தான், உரைநடையில் எதை நம்பலாம் என்பது இந்த மடலை எழுதுபவருக்கு விளங்கியது. 

மிச்சம் என்ற வரி இளையவரின் அறிக்கையில் இல்லை. வருமான வரி விலக்குப் பெறும் அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த நிதியாண்டுக்குள் அறப்பணியில் செலவிட வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வகுத்த விதி. எஞ்சிய 15 விழுக்காட்டைச் சேர்த்து வைக்கலாம், அதற்கு மேலும் ஒதுக்க வேண்டுமானால் நோக்கத்தைக் குறிப்பிட்டு உரிய படிவம் கொடுக்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், பல சிறிய அறக்கட்டளைகளில் பிப்ரவரி வரை உறங்கிய பணம் மார்ச்சில் விழித்துக்கொள்கிறது. இந்த அறிக்கையிலும் தையல் இயந்திரங்கள் மார்ச் கடைசி வாரத்தில் வாங்கப்பட்டிருப்பது கணக்கு இணைப்பில் தெரிகிறது, ஆனால் உரைப்பகுதி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. செலவாகாத பணம் ஏன் செலவாகவில்லை என்பதும் அறத்தின் வரலாறுதான். பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறத்துக்கென 1794இல் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். அவர் பெயரால் பள்ளி தொடங்கியது 1842இல். இடைப்பட்ட 48 ஆண்டுகளில் பெரும்பகுதி அந்தச் செல்வம் சரியாகக் கணக்குக் காட்டப்படாமல் கிடந்து, நீதிமன்றம் தலையிட்ட பிறகே பிள்ளைகளின் படிப்புக்கு வந்து சேர்ந்தது. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்து ஊர்ச் சபையார் 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளில், வாரியத்தில், அதாவது ஊர்ப் பணிகளைப் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயர் மட்டுமன்றி அவருடைய உறவினர் பெயரும் குடவோலையில், அதாவது உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் குடத்தில் இடும் ஓலையில், எழுதப்படலாகாது என்று விதித்தது வீம்புக்காக அன்று.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அறிக்கையின் 31ஆம் பக்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. அந்தப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், தையல் வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இடையில் நின்றுவிட்டதற்கு, வகுப்பு முடிந்து ஊர் திரும்ப அவர்கள் நம்பியிருந்த மாலைப் பேருந்து நிறுத்தப்பட்டதே காரணம் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருக்கிறது. எவரும் கேட்காத ஒரு கேள்வியை நின்றுபோன பெண்களின் வீடு தேடிச் சென்று கேட்டவரால்தான் அதை எழுத முடியும். அந்த வாக்கியத்தில் அறக்கட்டளையின் தோல்வியும் அதற்கான காரணமும் அடுத்த ஆண்டு செய்ய வேண்டிய வேலையும் சேர்ந்தே இருக்கின்றன. பல ஆண்டுகளாக இத்தகைய அறிக்கைகளைப் படித்துவரும் ஒருவர், அதற்கு நிகரான ஒரு வாக்கியத்தை வேறெங்கும் கண்டதில்லை என்று தயங்காமல் சொல்லலாம். சாவா மூவாப் பேராட்டுக் கல்வெட்டை வெட்டியவர் படித்திருந்தால் தலையசைத்திருப்பார். அதை எழுதிய கையே தாமரைப் படத்தையும் ஐந்திலக்க எண்ணையும் வைத்தது என்பதுதான் இந்த மடலின் எரிச்சலுக்கெல்லாம் வேர்.

அடுத்த ஆண்டின் அறிக்கையை இளையவர் அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குக. பேருந்து திரும்பி வந்ததா, வராவிட்டால் வகுப்பு நேரம் மாற்றப்பட்டதா, நின்றவர்களில் எத்தனை பேர் மீண்டும் வந்தார்கள் என்பதை முதல் பக்கத்தில் எழுதுக. தையல் ஆசிரியையின் பெயரையும் கணக்கு எழுதுபவரின் பெயரையும் அவர்களின் இசைவோடு கொடையாளர் பெயருக்கு மேலே அச்சிடுக. குழந்தைகளின் படங்களை நீக்கிவிடுக. பொதுக்குழுவுக்கு அனுப்பும் முன் அச்சுப்படியை அந்த வகுப்புப் பெண்களில் இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர்கள் தவறு என்று சுட்டுவதைத் திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.