மூன்று லட்சம் மேற்கோள்கள்

கேள்வி: ஓர் உயிர்மருத்துவ ஆய்வாளரை மேற்கோள் எண்ணிக்கையை வைத்து எடைபோடலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து முடியாது. ஆலிவர் லௌரியும் சகாக்களும் புரதத்தை அளக்கும் முறை ஒன்றை 1951இல் வெளியிட்டார்கள். மூன்று லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரையோ 2014இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட, அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலிலேயே இல்லை! புரதம் அளப்பவர்கள் முறையைக் குறிப்பிட்டாக வேண்டும். இரட்டைச் சுருள் பள்ளிப் பாடமாகிவிட்டது, அதற்கு யார் அடிக்குறிப்பு போடுவார்கள்?

ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த ஹெச்-இண்டெக்ஸ் என்ற அளவுகோல் கொஞ்சம் நியாயமானது. ஒருவருக்கு அது 20 என்றால், தலா 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகள். ஆனால் அது ஏறுமே தவிர இறங்காது, ஆய்வை நிறுத்தியவருக்கும்கூட.