இரங்கும் நெஞ்சும் எண்ணும் அறிவும்

பிறந்து சில நாள்களே ஆன குழந்தை, பக்கத்துத் தொட்டிலில் வேறொரு குழந்தை அழுதால் தானும் அழத் தொடங்குகிறது. யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் பண்பின் வித்து பிறவியிலேயே உள்ளது என்பதற்கு இதனை ஓர் அடையாளமாக உளவியல் அறிஞர் காட்டுவர். இப்பண்பையே பரிவு என்கிறோம். இது மனிதனுக்கு எவ்வாறு வந்தது? ஆறாம் அறிவு இருக்கும்போது பரிவு எதற்கு?

பசுவின் கன்று பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து நிற்கிறது. மனிதக் குழந்தைக்கோ நடப்பதற்கே ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. தன் உணவைத் தானே தேடிக்கொள்ளப் பல்லாண்டு ஆகிறது. வாய்திறந்து சொல்லத் தெரியாத குழந்தையின் பசியையும் வலியையும் முகம் பார்த்தே அறிந்துகொண்டவர்களின் பிள்ளைகள் பிழைத்தனர். தாய் ஒருத்தியால் மட்டும் இயலாதபோது பாட்டியும் அத்தையும் தமக்கையும் கைகொடுத்தனர். இவ்வாறு பலர் கூடிப் பிள்ளை வளர்த்ததே மனித இனத்தில் பரிவு ஓங்கக் காரணம் என்கிறார் அமெரிக்க மானிடவியல் அறிஞர் சாரா ஹர்டி. இரக்கமுள்ளோர் மிகுந்த கூட்டமே தழைக்கும் என்று டார்வினும் 1871-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். இறைவன் அன்பை மனித இயல்பிலேயே வைத்தான் என்னும் நம் நம்பிக்கைக்கு இவை முரணல்ல.

ஆனால் பரிவுக்கு ஒரு குறை உண்டு. அது அருகில் இருப்பவரையே முதலில் நாடும். நம் காவிரிப் பாசனத்தைப் பாருங்கள். தலைமடை வயலுக்குத் தண்ணீர் எளிதில் பாய்ந்துவிடும். கடைமடைக்குப் போய்ச் சேரவோ கல்லணையும் வாய்க்காலும் மதகும், முறைவைத்துத் திறந்துவிடும் ஏற்பாடும் வேண்டும். பரிவும் அத்தகையதே. தன் வீடு, தன் சாதி, தன் ஊர் என்ற வரப்போடு அது நின்றுவிடக்கூடும்.

அவ்வாறு நின்றதன் கொடுமையை நம் மண்ணே கண்டது. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளருக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையே பூசல் மூண்டது. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புத் திருநாளின் இரவில், ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த ஒடுக்கப்பட்ட மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். தீ வைத்தவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அப்பிள்ளைகள் அழுதால் அவர்கள் நெஞ்சும் உருகியிருக்கும் அன்றோ?

செய்தி அறிந்து அவ்வூருக்கு விரைந்தவர்களுள் சர்வோதயத் தொண்டர்களான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் முக்கியமானவர்கள். கிருஷ்ணம்மாள் நிலமற்ற ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கண்ணீரோடு திரும்பிவிடவில்லை. இத்துன்பத்தின் வேர் எங்கே என்று எண்ணினார். உழைப்பவருக்கு ஒரு குழி நிலமும் சொந்தமில்லை என்பதே வேர் எனக் கண்டார். இருவரும் இப்பகுதியிலேயே தங்கிப் பணியாற்றினர். 1981-இல் 'லாப்டி' என்னும் அமைப்பைத் தொடங்கினர். நிலவுடைமையாளரையும் நிலமற்றோரையும் ஒன்றாக அமர்த்திப் பேசி, நியாயமான விலை முடித்து, வங்கிக் கடன் பெற்று நிலம் வாங்கிக் கொடுத்தனர். பெண்களின் பெயரிலேயே பத்திரம் பதியச் செய்தனர். குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008-இல் இத்தம்பதியருக்கு 'மாற்று நோபல்' எனப்படும் சுவீடன் நாட்டு விருது கிடைத்தது.

பரிவு அவரைக் கீழ்வெண்மணிக்கு அழைத்து வந்தது. விலை பேசவும் கடன் கணக்குப் பார்க்கவும் அறிவு துணைநின்றது. பரிவு இல்லாத அறிவு, கூலியைக் குறைக்கவும் கணக்குப் போடும். அறிவு இல்லாத பரிவு, அழுதுவிட்டு மறந்துவிடும்.

நம் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியர் உவமையும் இதையே காட்டுகிறது. அடிபட்டுக் கிடந்தவன் வேற்றினத்தான். சமாரியர் முதலில் மனமிரங்கினார். பிறகு காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினார். தம் விலங்கின்மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். இரண்டு வெள்ளிக் காசு கொடுத்து, மேற்செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். நாளைய செலவையும் எண்ணிப் பார்த்த இரக்கம் அது!

அன்பு மாணவியரே! வகுப்பில் ஒரு தோழி திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால் 'ஐயோ பாவம்' என்கிறோம். அது நல்ல தொடக்கம். கட்டணம் கட்ட முடியவில்லையா, பேருந்து வசதி இல்லையா, வீட்டில் யாருக்கேனும் நோயா என்று அடுத்து விசாரிப்போம். விடை தெரிந்ததும் யாரிடம் சொன்னால் வழி பிறக்கும் என்று சிந்திப்போம். அவள் மீண்டும் வந்து தன் இடத்தில் அமரும் வரை இந்தச் சிந்தனையைக் கைவிடாதிருப்போம்.