தோட்டத்திற்கும் திடலுக்கும் ஏற்ற தண்ணீர்ப் போத்தல்



விளையாட்டுப் போட்டி முடிந்த மாலையில் பள்ளித் திடலைச் சுற்றி வந்தால், பாதி நீருடன் கைவிடப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் போத்தல்கள் புல்லிலும் கால்வாயிலும் கிடக்கக் காணலாம். அவை ஒருமுறை குடித்தபின் எறிவதற்கென்றே செய்யப்பட்டவை. மண்ணில் எளிதில் மக்குவதில்லை. மூடியின்றிக் கிடக்கும் போத்தலில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதுக் கொசு பறந்துவிடும். ஆகவே, பல்லாண்டு உழைக்கும் ஒரு போத்தலைத் தேர்ந்து வாங்குவதே நன்று. அதை எவ்வாறு தேர்வது என்பதே இக்கட்டுரை.

என் தாயார் பால்வெட்டுக்குச் செல்லும்போது, கண்ணாடிப் போத்தலில் கறுப்புக் கோப்பி ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி மூடியாகச் செருகிக்கொள்வார். ஒருநாள் மரவேரில் தடுக்கி விழுந்தபோது போத்தல் உடைந்துவிட்டது. அன்று நண்பகல்வரை நாவறண்டே வேலை செய்தார். வெளியிடங்களுக்குக் கொண்டுசெல்லும் போத்தல், கீழே விழுந்தால் பிழைக்க வேண்டும். இதுவே முதல் தேர்வு.

அவ்வகையில் எவர்சில்வர் போத்தலே முதலிடம் பெறுகிறது. அதன் அடியில் 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்கிறதா எனப் பாருங்கள். அவ்வுலோகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்துள்ளன. குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாகி, இரும்பைத் துருவினின்று காக்கிறது. கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் உண்டாகும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல எவர்சில்வர் என்று சில கடைக்காரர் காட்டுவதுண்டு. மலிவான கலவைகளிலும் காந்தம் ஒட்டாததுண்டு. அதை நம்பி ஏமாற வேண்டா.

ஒற்றைச் சுவர் கொண்டது எடை குறைவு, விலையும் குறைவு. இரட்டைச் சுவர் கொண்டதில் இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள காற்றை நீக்கியிருப்பர். வெற்றிடத்தின் வழியே வெப்பம் எளிதில் கடவாது. 1892-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டூவர் என்னும் விஞ்ஞானி உருவாக்கிய குடுவையின் தத்துவமே இது. வாங்கிய அன்றே சோதித்துவிடலாம். கொதிநீரை ஊற்றி மூடி, சில நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வெற்றிடம் கெட்டுவிட்டது என்று பொருள். கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சாரணர் முகாமில் இரட்டைச் சுவர்ப் போத்தலை ஒருபோதும் தீயில் வைத்தலாகாது. அடைபட்ட இடைவெளி விரிந்து வெடிக்கக்கூடும்.

அலுமினியம் இலேசானதுதான். ஆனால் அதன் உட்பூச்சு நசுங்கி உரிந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு உலோகத்தை அரிக்கும். பிளாஸ்டிக்கே வேண்டுமெனில் அடியிலுள்ள முக்கோணத்தைப் பாருங்கள். 5 என்னும் எண் கொண்டது சூட்டைத் தாங்கும், பன்முறை பயன்படுத்தலாம். 1 என்பது கடையில் விற்கும் குடிநீர்ப் போத்தல். ஏறத்தாழ 70 பாகை சூட்டிலேயே தளரத் தொடங்கும். அதில் சுடச்சுட மைலோ ஊற்றிக் கொண்டுவந்த மாணவர் ஒருவரின் போத்தல், வகுப்பறைக்குள் குள்ளனாகி நுழைந்ததைக் கண்டு அனைவரும் சிரித்தோம்!

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலில் உழைப்போர் 20 நிமிடத்திற்கு ஒரு கோப்பை நீர் அருந்துவது நல்லது. அதாவது நான்கு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 3 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. மூன்றையும் தோளில் சுமந்து நிரை நிரையாக நடக்க யாரால் இயலும்? ஒரு லிட்டர்ப் போத்தலை உடன் எடுத்துக்கொண்டு, பெரிய கலத்தை நிழலான இடத்தில் வைத்து நிரப்பிக்கொள்வதே வசதி. பள்ளி மாணவருக்கு அரை லிட்டரே போதும். குழாயருகில் மீண்டும் நிரப்பலாம்.

கழுவும் தூரிகை உள்ளே செல்லுமளவு வாய் அகன்றிருக்கட்டும். மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ இயலாவிட்டால் அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும். உறிஞ்சு குழாய் பொருத்திய போத்தல்கள் குழந்தைகளுக்குக் கவர்ச்சியானவை, நான் பரிந்துரைப்பதில்லை. வாய் வைக்கும் பகுதியை மூடி முழுவதும் மறைக்க வேண்டும்; போத்தலைத் தரையில் வைக்காமல் கிளையில் மாட்டுங்கள். எலியின் சிறுநீர் பட்ட மண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும் என்பதை மறவாதீர்.

புதிய போத்தல் வீட்டுக்கு வந்தபின், பழையது எங்கே போகிறது? பெற்றோர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டுகிறேன். பல வீடுகளில் அது கொல்லைப்புறத்தில் களைக்கொல்லியோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்கும் கலமாகிவிடுகிறது. பாரகுவாட் என்னும் களைக்கொல்லியைக் குளிர்பானமென்று எண்ணி அருந்தி மாண்டவர் உலகெங்கும் பலர். ஒரு மிடறே உயிரைக் குடிக்கவல்லது. மாற்று மருந்தும் இல்லை. தவறாக அருந்துவதைத் தடுக்கவே பின்னாளில் அதில் நீல நிறமும் துர்நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்த்தனர். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் அது தடைசெய்யப்பட்டுவிட்டது. எனினும் வேறு களைக்கொல்லிகள் தோட்டங்களில் புழங்குகின்றன. நான்கு வயதுக் குழந்தைக்கு நிறமும் நாற்றமும் தெரியாது. தண்ணீர்ப் போத்தலின் உருவம் மட்டுமே தெரியும்.

அதுபோலவே, மருந்து வந்த காலி டின்னை எத்தனை முறை கழுவினாலும் குடிநீர்க் கலமாக்காதீர். அதை மும்முறை அலசி, துளையிட்டு, தோட்ட நிர்வாகத்திடமே ஒப்படையுங்கள். வீட்டிலுள்ள பழைய தண்ணீர்ப் போத்தலையும் கத்தியால் இரண்டாக வெட்டிய பின்னரே மறுசுழற்சித் தொட்டியில் போடுங்கள். வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் பெரியவர்களே செய்யுங்கள்.