ஆசிரியராகப் போகும் ஆட்டக்காரத் தம்பிக்கு



ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது, இனி கிரிக்கெட் அவ்வளவுதானா என்று கேட்டு எழுதியிருந்தாய். இங்கிலாந்தில் ஆட்டக்காரராக இருந்து ஆசிரியரான எட்வர்ட் லிட்டில்டனை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

1878 மே மாதம் லார்ட்ஸில் ஆஸ்திரேலியர்கள் எம்.சி.சி. அணியை 33 ரன்னுக்கும் 19 ரன்னுக்கும் ஒரே நாளில் சுருட்டினார்கள். டபிள்யூ.ஜி. கிரேஸே ஆடிய அணி அது. அடுத்த மாதம் அதே மைதானத்தில், அதே ஆஸ்திரேலிய அணியின் பந்துவீச்சாளர் ஸ்போஃபோர்த்துக்கு எதிராக, மிடில்செக்ஸ் அணிக்காக இறங்கிய லிட்டில்டன் 113 ரன் எடுத்தார். அந்தப் பயணத்தில் இங்கிலாந்து மண்ணில் ஆஸ்திரேலியர்கள் மீது வேறு யாரும் சதம் அடிக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 22. அவர் தலைமையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணி அந்த ஆண்டு ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்றது.

அப்பேர்ப்பட்டவர் சில ஆண்டுகளிலேயே பெரிய ஆட்டங்களை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். 1890-இல் ஹெய்லிபரி பள்ளியிலும் 1905-இல் ஈட்டன் பள்ளியிலும் தலைமையாசிரியர் ஆனார். பிரபு வீட்டுப் பிள்ளை, சம்பளம் வாங்காமல் ஆட வசதி இருந்தது. கூலிக்கு ஆடியவர்கள் தனி அறையில் உடை மாற்றிய காலம் அது. அவர்களுக்கு அந்தத் தலைமையாசிரியர் நாற்காலி எட்டாக் கனி. இதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் நான் அவரை மதிப்பது அந்தச் சதத்துக்காக அல்ல. 1915-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லண்டன் தேவாலயம் ஒன்றில் பிரசங்கம் செய்தவர், ஜெர்மனியிடமும் நியாயமாக நடக்க வேண்டும், விட்டுக்கொடுப்பது இரு பக்கமும் இருக்க வேண்டும் என்றார். பிரிட்டன் விட்டுக்கொடுக்கக்கூடியதற்கு எடுத்துக்காட்டாக, அதன் பிடியிலிருந்த ஜிப்ரால்டர் பெயரையே எடுத்தார். அந்தப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈட்டன் மாணவர்கள் மாண்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு அந்தப் பேச்சு எப்படிச் சுட்டிருக்கும்! பத்திரிகைகள் பாய்ந்தன. 1916-இல் அவர் ஈட்டனை விட்டு விலகினார்.

ஸ்போஃபோர்த்தை எதிர்த்து நின்றதைவிட இதுதான் கடினம் தம்பி. எதிரணிக்கும் நியாயம் உண்டு என்று மைதானத்தில் யாரும் சொல்லிவிடலாம். ஊரே கொதிக்கும்போது, பதவியில் இருந்துகொண்டு சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். உன் வகுப்பிலும் அப்படி ஒரு நாள் வரும். எல்லாரும் சேர்ந்து ஒரு பையனைக் குற்றவாளியாக்குவார்கள். அவன் பக்கத்தையும் கேட்க நீ ஒருவன்தான் இருப்பாய். அவன் உன் அணியில் ஆடுகிறவனா என்று பார்க்காதே.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விடாதே. மாலையில் வலையில் பையன்களுக்குப் பந்து போடு. மட்டை பிடிக்கத் தெரியாமல் சுவரோரம் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்.