சொன்னதும் போய்ச் சேர்ந்ததும்

அன்புள்ள கயல்விழிக்கு,

அமெரிக்காவின் 911 அவசர அழைப்பு மையங்கள் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். உழைத்திருக்கிறாய். ஆனால், 'ஆபத்தில் இருப்பவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறார்கள்' என்று எழுதிவிட்டாயே! விவரம் தெரிந்தவர்களே இதைச் சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய நகரங்களில் அழைப்பை எடுப்பவர் ஒருவர். வயர்லெஸ்ஸில் ரோந்து வண்டியை அனுப்புபவர் வேறொருவர். முதலாமவர் தட்டச்சு செய்வது இரண்டாமவரின் திரைக்குப் போகிறது. பேச்சு முடியும் முன்பே வண்டி கிளம்பிவிடலாம். மிச்சக் கேள்விகள் அந்த வண்டியில் போகிறவர்களுக்காக: ஆயுதம் உண்டா, எத்தனை பேர், எந்தப் பக்கம் ஓடினார்கள்? இதில் வீண் எங்கே இருக்கிறது?

நீ கேட்டிருக்க வேண்டியது வேறு. அழைத்தவர் சொன்னதில் எவ்வளவு காவலர் காதுக்குப் போய்ச் சேருகிறது?

2014 நவம்பர் 22, ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகரம். பூங்காவில் ஒருவன் துப்பாக்கியை எடுத்து எடுத்து ஆட்களை நோக்கி நீட்டுகிறான் என்று ஒருவர் 911-ஐ அழைத்தார். அது பொம்மையாக இருக்கலாம் என்றும் சொன்னார், ஒரு முறைக்கு இரு முறை. ஆள் சிறுவனாக இருக்கலாம் என்றார். அழைப்பை எடுத்தவர் துப்பாக்கியைப் பதிவு செய்தார். இந்த இரண்டு 'இருக்கலாம்'களையும் பதிவு செய்யவில்லை. அதனால் வண்டியை அனுப்பியவருக்கு அவை தெரியாது, காவலர்களுக்கும் தெரியாது. முதல் முன்னுரிமையில் வண்டி போனது. போய் நின்ற சுமார் 2 வினாடிகளில் காவலர் ஒருவர் சுட்டார். 12 வயது டாமிர் ரைஸ் மறுநாள் இறந்தான். அவனிடம் இருந்தது விளையாட்டுத் துப்பாக்கி. வண்டியைச் சிறுவனுக்கு அவ்வளவு அருகில் கொண்டு நிறுத்தியதும், நிதானிக்காமல் சுட்டதும் காவலர்களின் பிழை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அழைப்பை எடுத்தவருக்கு 2017-இல் 8 நாள் பணியிடை நீக்கம் கிடைத்தது.

நெடுநாளாக எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சுருக்கும்போது முதலில் உதிர்வது ஐயம். ஆள், இடம், ஆயுதம் எல்லாம் தங்கிவிடும்; 'தெரியவில்லை', 'போலிருக்கிறது' எல்லாம் போய்விடும். வகுப்பில் நீங்கள் எடுக்கும் குறிப்புகளிலும் இதைப் பார்க்கிறேன். நான் தயங்கிச் சொன்னது உங்கள் நோட்டில் தீர்ப்பாக நிற்கிறது!

ஒரே ஓர் அழைப்பை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்பாய். இமானுவேல் ஷெக்லாஃப் என்ற சமூகவியலாளர் 1968-இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. காவல் நிலையத் தொலைபேசி உரையாடல்கள் ஏறத்தாழ 500-ஐ ஆராய்ந்து, பேச்சை யார் தொடங்குவார் என்பதற்கு ஒரு விதி கண்டார். ஒன்றே ஒன்று அதற்கு அடங்கவில்லை. அந்த ஒன்றை ஒதுக்காமல் விதியையே புதிதாக வகுத்தார். மாணவப் பருவத்தில் படித்தது. இன்றும் என் மேசையில் இருக்கிறது.

இன்னொன்று. அமெரிக்க அரசின் 2018-ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடு 911 அழைப்பை எடுப்பவர்களையும் வண்டியை அனுப்புபவர்களையும் அலுவலக உதவிப் பணியாளர்களோடு சேர்த்திருக்கிறது. அதை மாற்றக் கோரி 2019-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் மசோதாவே வந்தது. நீயோ 'தொலைபேசி எடுக்கும் வேலை' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறாய். அந்தப் பகுதியைத் திருப்பி எழுது. எடுப்பவரையும் அனுப்புபவரையும் தனித்தனியாகக் காட்டு. அழைத்தவர் சொன்னதை ஒரு பக்கமும் திரையில் வந்ததை மறுபக்கமும் வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியர்